பழைய மடிக்கணினியும் தட்டு மாற்றமும்

எம் ஊராகிய போடிநாயக்கனூரில் கோழி கூவுமுன்னரே ஜீப்புகளின் ஒலி எழும். ஏலத்தோட்டங்களிற் காயெடுக்கவும் களை பறிக்கவும் செல்லும் ஆடவரும் பெண்டிரும், தூக்குச்சட்டியும் குடையும் கையிற்கொண்டு, அவ்வண்டிகளில் நெருங்கி அமர்ந்து, மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைச்சரிவில் ஏறிச் சென்று, பொழுது சாயும் வேளையில் இறங்கி வருவர். அவர்களுள் ஒருவராக எம் தமக்கையாரும் நாடோறும் செல்கின்றார். காயெடுப்பதற்கன்று, ஒரு தோட்டத்திற் கணக்கெழுதுவதற்கு. அவர் மடியிலே துணிப்பையிற் பொதிந்த மடிக்கணினி ஒன்று எப்பொழுதும் இருக்கும். அதனைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழிலக்கியம் பயில வந்த யாம் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தமையை எம் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக. கட்டுரையின் நடுவே இலக்கியமும் வரும். அதனை இழந்த கதையாகத்தான் வரும்.

அக்கணினி தமக்கையார்க்குப் பள்ளியிறுதி வகுப்பில், 2018ஆம் ஆண்டில், அரசினரால் விலையின்றி வழங்கப்பெற்றது. தமிழ்நாட்டு அரசினர் அத்திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கினர். அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சம் அளவிற் கணினிகள் மாணாக்கர் கைகளை அடைந்தன. மலையடிவாரத்துச் சிற்றூர்களில் ஒரு வீட்டினுள் நுழைந்த முதற்கணினி பெரும்பாலும் அதுவே. எம் வீட்டில் முதலும் அதுவே, இன்றளவும் முடிவும் அதுவே. தமக்கையார் அதனைக் கொண்டே பட்டப்படிப்பை முடித்தார். பெருந்தொற்றுக் காலத்தில் யாம் அதன்முன் அமர்ந்து பள்ளிப் பாடங் கேட்டோம். இப்பொழுது அது தோட்டத்துக் கூலிக்கணக்கைச் சுமக்கின்றது. தோட்டத்தார் வேறு கணினி தாராரோ என்று வினவுவோர் மலைத்தோட்டங்களில் வேலை செய்து பார்த்தவர் அல்லர்.

சுமக்கின்றது என்றோம், சென்ற ஆண்டு அது சுமந்த வகையைச் சொல்லல் வேண்டும். விசையை அழுத்திய பின்னர், அதன் திரை ஒருவழியாகத் தெளிந்து, அம்புக்குறி எம் சொற்படி நகர்வதற்கு நாலரை நிமிடம் ஆயிற்று. கைக்கடிகாரம் வைத்துப் பார்த்த அளவு இது. கணக்கேட்டைத் திறக்க மேலும் இரண்டு நிமிடம். நகரத்தார்க்கு இஃது ஒரு குவளைத் தேநீர் அருந்தும் நேரம். மலையிலோ சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் நாள். அன்றைய காய் எடைகளைப் பதிந்து, முன்பணம் கழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று கண்டு சொல்லுமளவும், காயுலர்த்தும் ஸ்டோரின் தாழ்வாரத்தில் நாற்பது பெண்கள் நனைந்த கொங்காடியோடு நிற்பர். கணினி நடுவழியில் நின்றுபோனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். கீழே ஜீப்பு ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார். மூடுபனி இறங்கிய பிறகு போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டையூசி வளைவுகளிலும் நெருங்கிய வண்டியில் இறங்கி வருவது எத்தகைய செயல் என்பதை அச்சாலையிற் சென்றார் அறிவர். எனவே கணினியின் மந்தம் எம் வீட்டில் ஒரு பொழுதுபோக்குக் குறையாக எண்ணப்பட்டதில்லை. தமக்கையார் சனிக்கிழமைகளில் வீடு திரும்பும் வரையில் எம் அன்னையார் வாசற்படியை விட்டு அகலார்.

கணினியைப் பழுது பார்க்கும் கடையொன்றிற்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதனைத் திறவாமலே தூக்கிப் பார்த்து, “தம்பி, இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. இதுல காசைப் போடாதீங்க, முப்பத்தஞ்சாயிரத்துக்கு நல்லதா ஒண்ணு இருக்கு” என்றார். அவர் பொய் சொன்னாரென்று யாம் கூறவில்லை. விற்பனை செய்வோர் விற்கவே சொல்வர். ஆனால் முப்பத்தையாயிரம் ரூபாய் என்பது எம் தமக்கையாரின் பல திங்கள் ஊதியம். அதனைக் கேட்டுவிட்டு யாங்கள் இருவரும் பேருந்து நிலையம் வரை ஒன்றும் பேசாமலே நடந்தோம்.

உண்மையில் ஆயுள் முடிந்தது கணினிக்கன்று. அதனுள் இருந்த ஓர் உறுப்பிற்கு. அவ்வுறுப்பை யாவரும் ஹார்டு டிஸ்க் என்பர். கலைச்சொல்லாக்கத்தார் வன்தட்டு என்று பெயரிட்டனர். மிகப் பொருத்தமான பெயர். உள்ளே மெய்யாகவே கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத்தட்டு இருக்கின்றது. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கின்றது. அதன்மேல் ஓர் ஊசிக்கை இப்புறமும் அப்புறமும் அசைந்து காந்தப் புள்ளிகளைப் படிக்கின்றது. இலக்கணத்தார் இதனைக் காரணப்பெயர் என்பர். இதற்கு மாற்றாக வந்த எஸ்.எஸ்.டி. என்பதனைத் திண்மநிலைத் தட்டு என்று சில நூல்கள் வழங்குகின்றன. அதனுள் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை, அசைவதொன்றும் இல்லை. சில்லுகள் சில ஒரு பலகையின்மேல் ஒட்டிக் கிடக்கின்றன, அவ்வளவே. எனினும் பழைய பொருளின் இடத்திற் பொருந்துவதால் அதன் பெயரும் இதன்மேல் ஏறிவிட்டது; காரணம் கழன்று இடுகுறியாயிற்று. நெருப்பில்லாத விளக்கையும் ‘ஏற்று’ என்று சொல்லும் நாம் இதற்கு நகைத்தல் ஆகாது. ஆகவே யாமும் தலைப்பில் தட்டு மாற்றம் என்றே எழுதினோம்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை வேகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவர். அஃது எத்தகைய வேகம் என்று அறிந்தாலன்றிப் பயன் விளங்காது. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். அங்கே காலத்தை உண்பது தொலைவன்று, வளைவுகளே. ஒவ்வொரு வளைவிலும் வண்டி தயங்கி, எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி, மீண்டும் விசைகூட்டி ஏறல் வேண்டும். வன்தட்டும் அவ்வாறே. நீண்ட திரைப்படம் ஒன்றினை ஒரே தொடராகப் படிப்பது அதற்கு எளிது. நேர்சாலையில் ஓடுவது போலும். ஆனால் கணினி விழித்தெழும்போது படிக்கப்படுவன பல்லாயிரம் சிறு துண்டுகள். அவை தட்டின் பல மூலைகளிற் சிதறிக் கிடப்பன. ஒவ்வொரு துண்டிற்கும் ஊசிக்கை இடம்பெயர்தல் வேண்டும். பெயர்ந்தபின் உரிய புள்ளி சுழன்று தன்கீழ் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நிமிடத்திற்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி வினாடி. சராசரி அரைச்சுற்றுக் காத்திருப்பு ஐந்தரை. ஊசிக்கை நகரும் நேரம் பன்னிரண்டளவு. ஆகத் துண்டொன்றிற்குப் பதினேழு மில்லி வினாடி. பதினாயிரம் துண்டுகள் என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் நூற்றெழுபது வினாடி, ஏறத்தாழ மூன்று நிமிடம். படிப்பதற்கன்று, வளைவு திரும்புவதற்கு மட்டும். எஸ்.எஸ்.டி.யில் நகர வேண்டிய கையும் இல்லை, காத்திருக்க வேண்டிய சுற்றும் இல்லை. ஒரு துண்டிற்கு ஒரு மில்லி வினாடியின் பத்திலொரு பங்கு. அதே பதினாயிரமும் ஒரு வினாடியில் முடியும். தொடர்ந்து படிப்பதில் ஐந்து மடங்கு விரைவு. சிதறியதைப் படிப்பதில் நூற்று மடங்கு என்று இதனைச் சுருக்கிக் கொள்ளலாம்.

மலைக்காற்று வன்தட்டைக் கெடுக்கும் என்று எம் ஊரிற் சிலர் சொல்வர். அதில் ஒரு சிறு உண்மை உண்டு. ஊசிமுனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் ஒருசில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. மாந்தர் மயிரிழையின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர் என்றால் அவ்விடைவெளியின் நுண்மை புலனாகும். காற்று மெலிந்த பேருயரங்களில் அம்மிதப்புக் கெடுமாதலால், செய்வோர் பலர் சுமார் 3,000 மீட்டர் உயரத்தை எல்லையாகக் குறித்துள்ளனர். தென்னாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஏலமலைகள் அதனினும் தாழ்ந்தவை. ஆதலின் குற்றம் காற்றினதன்று, குலுக்கலினது. அதிலும், அணைத்துவைத்த வன்தட்டில் ஊசிக்கை தன் ஒதுக்கிடத்தில் அடங்கிக் கிடக்கும், பேரதிர்ச்சியையும் பொறுக்கும். இயங்கிக்கொண்டிருக்கும்போது குலுங்குவதே கேடு. எம் தமக்கையாரோ மாலையிற் கணினியை முற்ற அணைப்பதற்கும் நேரமின்றி, மூடியை மட்டும் சாத்திப் பையிலிட்டு ஜீப்பில் ஏறுவார். மூடினால் அது உடனே உறங்கும் என்பது நம்பிக்கை. எல்லாப் பொழுதும் அவ்வாறு உறங்கியதில்லை என்பது பைக்குள் கைவைத்தபோது தெரிந்த சூட்டினால் விளங்கிற்று.

இனி எம் இழப்பைச் சொல்வோம். நாட்டுப்புற இலக்கியம் பயிலும் பொருட்டு, இரண்டாண்டுகளாக யாம் மலைச்சரிவில் வேலைசெய்யும் பெண்டிரிடம் பாட்டுக்கள் கேட்டுக் கைப்பேசியிற் பதிந்து வந்தோம். களை பறிக்கையிற் பாடுவன, தொட்டிலிற் பாடுவன, இழவிற் பாடுவன என மொத்தம் 41 பதிவுகள். அவற்றுள் ஏழு எம் அம்மாச்சி பாடியவை. இளமையிற் குரங்கணியிலிருந்து நடந்தே மலையேறி வேலை செய்தவர் அவர். ஏட்டில் இல்லாத பாட்டுக்கள் அவரிடம் இருந்தன. 2024ஆம் ஆண்டு ஆடித் திங்களில் அவர் இறந்தார். கைப்பேசியில் இடம் போதாமையால் பதிவுகளை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் உள்ளவற்றை அழித்திருந்தோம். படி ஒன்றே. ஓலைச்சுவடி ஒன்றேயாக இருந்து செல்லரித்துப் போன நூல்களைப் பற்றி வகுப்பில் வருந்திக் கேட்ட யாமே இதனைச் செய்தோம்.

சென்ற ஆடியில் கணினியினுள்ளிருந்து ‘டிக், டிக்’ என்றோர் ஓசை எழலாயிற்று. விசிறியில் தூசு என்று எண்ணிச் சில கிழமை வாளாவிருந்தோம். அது வன்தட்டின் சாக்குரல். ஊசிக்கை தன் இடத்தைக் காணாது திரும்பத் திரும்பத் தேடும் ஓசை. இயற்பியல் துறையிற் பயிலும் நண்பரொருவர் எம் அறைக்கு வந்தவிடத்து அதனைக் கேட்டு, உடனே அணைக்கச் சொன்னார். அவர் செய்த முறை இது: கணினியை அதன் வன்தட்டினின்று எழுப்பாது, பென்டிரைவ் ஒன்றில் ஏற்றிய லினக்ஸ் கொண்டு எழுப்பினார், நலிந்த தட்டில் எதனையும் எழுதாது படிக்க மட்டும் செய்தார், முழுத்தட்டையும் படியெடுக்க முயலாமல், எமக்கு உயிரனைய கோப்புக்கள் எவை என்று கேட்டு அவற்றையே முதலில் வாங்கினார். முதலிற் பாட்டுக்கள், பின்னர்க் கூலிக்கணக்கு, பின்னர் ஒளிப்படங்கள். 41 பதிவுகளில் 38 கிடைத்தன. படிக்க இயலாது நின்ற மூன்றனுள் இரண்டு அம்மாச்சியுடையவை.

இதற்கு எவரையும் யாம் குறைகூறவில்லை. ஏழாண்டு ஜீப்பிற் குலுங்கிய கருவி அது. வன்தட்டுக்கள் அக்காலத்து மலிவான கணினி எல்லாவற்றிலும் இருந்தவையே. எம்மைத்தான் குறைகூறல் வேண்டும்.

மாற்றம் செய்த முறையையும் சிறிது கூறுவோம். நம் மாணவர் பலர்க்கு இஃது அச்சந் தருவதாக இருக்கின்றது. ஆவணித் திங்களில் 256 ஜி.பி. கொண்ட எஸ்.எஸ்.டி. ஒன்றை இரண்டாயிரத்திற்குச் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்கினோம். பழைய தட்டு 500 ஜி.பி.; ஆயினும் அதில் நிறைந்திருந்தது நூற்றுக்கும் குறைவே. பாதி இடம் போதும் என்பதைப் பலர் எண்ணிப் பாராது பெரியதை வாங்கிப் பணத்தை விரயம் செய்கின்றனர். கடைகளில் இருவகை உண்டு: பசைநாடா போன்ற நீண்டொடுங்கிய பலகை ஒன்று, பழைய வன்தட்டின் வடிவாகிய இரண்டரை அங்குலப் பெட்டி மற்றொன்று. பழைய கணினிகளுக்கு ஏற்றது பின்னதே. ‘சாட்டா’ என்னும் இணைப்புடையது என்று கேட்டு வாங்குதல் வேண்டும். கணினியைக் கவிழ்த்து, திருகாணிகளை ஒரு தாளில் வரைந்த படத்தின்மேல் அவை இருந்த இடப்படியே வைத்து, அடிமூடியை நெகிழ்த்தி, முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, பின்னர் வன்தட்டைப் பக்கவாட்டில் இழுத்து எடுத்து, அவ்விடத்தே புதியதைச் செருகினோம். இருபது நிமிட வேலை. அதில் பதினைந்து நிமிடம் திருகாணிகளுக்கே போயிற்று.

பழைய தட்டு நலமாக இருந்தால் அதிலுள்ள அனைத்தையும் அப்படியே புதியதன்மேற் படியெடுக்கும் வழியுண்டு, ‘குளோன்’ என்பர். எம்முடையது நோயுற்றது, மேலும் அதிலிருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனைச் செய்தோர் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவதாக முன்னரே அறிவித்திருந்தனர், அவ்வாறே நிறுத்தினர். புதிய விண்டோஸ் எம் கணினியை ஏற்கவில்லை. ஆதலின் விலையில்லாத லினக்ஸ் மின்ட்டைப் புதிதாக ஏற்றினோம். இவ்விடத்து யாம் எதிர்பாராத இடர் ஒன்று வந்தது. கூலிக்கணக்கைத் திறந்தால் எண்கள் சரியாக நின்றன. பெயர்களெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றின. தோட்டத்தில் முன்பிருந்த கணக்கர் அவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார். புதிய தளத்தில் அவ்வெழுத்துரு இல்லை. எழுத்துருவை ஏற்றியதும் பெயர்கள் மீண்டன. தமிழ்நாட்டு அரசினர் 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்ற பின்னரும் மலைத்தோட்டங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பழைய எழுத்துருக்களே ஆள்கின்றன. தட்டு மாற்றுவோர் எழுத்துருவையும் படியெடுத்துக் கொள்க. பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைத் தமக்கையார் எம் தலைமேற் சுமத்தினார். தமிழ் படித்ததன் பயனை அவ்வீட்டில் முதன்முறை அன்றுதான் கண்டார்கள்.

விளைவு: நாலரை நிமிடம் இருபத்தாறு வினாடியாயிற்று. கணக்கேடு நான்கு வினாடியில் திறக்கின்றது. சனிக்கிழமை ஜீப்பு வெளிச்சமிருக்கையிலேயே மெட்டைக் கடக்கின்றது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார்.

இந்நினைவகத்தின் வரலாற்றையும் ஒருசில வரியிற் குறித்தல் தகும். வன்தட்டு 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் முதன்முதல் வெளியிடப்பட்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் கொண்டு, ஒரு டன் அளவு எடையுடையதாய், ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. மின்சாரம் நின்றாலும் எழுத்தழியாத ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானியராகிய ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்திற் பணிபுரிகையில் கண்டார், இன்றைய எஸ்.எஸ்.டி.க்கு அடிப்படையான நேண்ட் வகை 1987இல் அறிவிக்கப்பட்டது. கான்பூரிற் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா என்பார் இருவர் துணையோடு 1988இல் அமெரிக்காவில் நிறுவிய நிறுவனமே பின்னர் சான்டிஸ்க் எனப் பெயர் பெற்றது. அவர்கள் 1991இல் விற்ற எஸ்.எஸ்.டி. 20 எம்.பி. மட்டும் கொண்டது, விலையோ ஆயிரம் டாலர் அளவு. எம் பாட்டுப் பதிவுகளில் நான்கைந்து கூட அதில் அடங்கா.

இனி, எஸ்.எஸ்.டி.யைப் புகழ்வோர் சொல்லாது விடுவனவற்றைச் சொல்லுதல் எம் கடன். அதன் நுண்ணறைகளில் மின்துகள்களை அடைத்துவைப்பதே எழுதுதல்; எழுதியதன்மேல் மீண்டும் எழுதுமுன் ஒரு தொகுதியை முழுதும் அழித்தல் வேண்டும்; ஒவ்வோர் அழிப்பிலும் அறையின் சுவர் சிறிது தேயும். ஆயிரக்கணக்கான முறைக்குப் பின் அறை பயனற்றதாகும். கூலிக்கணக்கும் கட்டுரையும் எழுதுவோர்க்கு அத்தேய்வு கணினியின் ஆயுளுக்குள் எட்டாது. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டுவது வேறு. வன்தட்டு சாகுமுன் ‘டிக், டிக்’ என்று எமக்குச் சில கிழமை அறிவித்தது. யாமே கேளாது விட்டோம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஓசையின்றி, இன்று மாலை நலமாக இருந்து நாளைக் காலை இல்லையென்றாகும். வன்தட்டில் தவறி அழித்த கோப்பை வல்லுநர் மீட்பதுண்டு, எஸ்.எஸ்.டி.யிலோ அழித்த இடத்தை அதுவே தூய்மை செய்துகொள்வதால் மீட்டல் மிக அரிது. நெடுங்காலம் மின்சாரமின்றிப் பெட்டியில் வைத்தால் அடைத்த மின்துகள்கள் மெல்லக் கசியும். தேய்ந்ததும் வெப்பத்தில் இருப்பதும் விரைவிற் கசியும். ஆகவே பாட்டுக்களைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் இட்டுவிட்டோம் என்று நெஞ்சாறி இருப்பது முன்செய்த பிழையையே மறுமுறை செய்வதாகும். எம் 38 பதிவுகளும் இன்று மூன்றிடத்தில் உள்ளன. ஒன்று தமக்கையாரிடம் உள்ள கணினி. ஒன்று எம் விடுதி அறையில் புறத்தே வைக்கும் வன்தட்டு. ஒன்று இணையக் கிடங்கு.

இன்னும் ஒன்று. கணினியின் எல்லாக் குறைக்கும் இது மருந்தன்று. மலையில் இணையம் நத்தையாயின் எஸ்.எஸ்.டி. அதனை விரைவிக்காது. நினைவகம் 2 ஜி.பி. மட்டும் உடைய மிகப் பழைய கணினிக்கு இதனோடு அதனையும் கூட்டல் வேண்டும். கீல் ஒடிந்து, திரை மங்கி, மின்கலம் உப்பியதற்கு இரண்டாயிரம் ரூபாய் செலவிடுவது அறிவன்று.

எம் கருத்தினை மறுப்போர் சொல்வது யாது? அரசினர் 2025ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளிற் கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்தனர். புதியது வருகையில் பழையதை ஏன் தைத்துக்கொண்டிருத்தல் வேண்டும் என்பது அவர் வினா. புதியது வருவதில் எமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அது வருவது கல்லூரியில் இருப்பார்க்கு. கல்லூரியை விட்டு மலையேறிவிட்ட எம் தமக்கையார்க்கு வாராது. பேறுகாலத்தில் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எம் தெருப் பெண்ணொருத்திக்கும் வாராது. பழையன இருப்பது இவர்கள் கையில்தான். அவற்றைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் ஆயிரத்திற்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் கொடுத்துவிடுவதை எம் கண்ணாற் கண்டோம்; உள்ளே வன்தட்டோடு, அதிலுள்ள ஆதார் படியோடும் குடும்பப் படங்களோடும். மேலும், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்குவதால் 2025இன் இறுதியிலிருந்து அவற்றின் விலை ஏறலாயிற்று. யாம் கொடுத்த விலைக்கு எஸ்.எஸ்.டி. இனிக் கிடைத்தல் அரிது. புதுக்கணினியின் விலையும் அதனோடு ஏறுமாதலால் மாற்றத்தின் இலாபம் குன்றாது.

எம் ஊர் இருப்புப்பாதை 1928இல் அமைந்தது. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010இன் இறுதியில் அது மூடப்பட்டு, 2023ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள்தான் போடிக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. பன்னிரண்டாண்டு! அப்பாதையை இனி வேண்டாமென்று கைவிட்டுவிடுவர் என்று சொல்லிய பெரியோர் பலர் இருந்தனர். ஊர் அதுவே, மலை அதுவே. கீழே கிடந்த தண்டவாளம் மட்டும் மாறிற்று. கணினி விஷயத்தில் அதே மாற்றத்திற்கு ஒரு பிற்பகல் போதும் என்பதைக் கருதுங்கால், அதனைச் செய்யாது விடுவதற்கு அறியாமையன்றி வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

ஆதலின் நம் கல்லூரித் தலைவர்க்கும் மாணவர் மன்றத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். திங்கள்தோறும் முதற் சனிக்கிழமை பிற்பகல், நூலகத்தின் பின்புற வராந்தாவில் ஒரு மேசை இடுக. வேண்டும் பொருள்கள் சில: சிறு திருப்புளிக் கூட்டம் ஒன்று, வன்தட்டை வெளியிலிருந்து இணைக்கும் வடம் இரண்டு, பென்டிரைவ் மூன்று, படியெடுக்கும் வரையில் கோப்புக்களை வைக்கப் பெரிய தட்டு ஒன்று. எல்லாம் சேர்ந்தும் விளையாட்டு விழாவின் பந்தற் செலவில் ஒரு சிறு பகுதியே ஆகும். எஸ்.எஸ்.டி.யை உரியவரே வாங்கி வருக, கூலி வேண்டா. கல்லூரி மாணவர் மட்டுமன்றி, அவர்தம் வீட்டாரும் பழைய கணினிகளைக் கொண்டுவரலாம் என்று அறிவித்தல் வேண்டும். இன்றேல் மேசையால் பயன் பாதியே. ஆள் கெட்டுப்போன பழைய வன்தட்டுக்களைப் பெட்டியில் இட்டுவைத்து, 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்றாரிடம் சேர்ப்பிக்கலாம்.

மேசையின் முதற் பணியாளராக இயற்பியல் துறை நண்பர் இசைந்துள்ளார். யாம் திருகாணிகளைத் தாளில் அடுக்குவோம். எழுத்துரு மாற்றமும் எம் பொறுப்பு. கணினியைத் திறக்குமுன் உள்ளிருக்கும் கோப்புக்களில் எதனை முதலில் எடுப்பது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் வாங்கிவிட்டோம்.